உறைமேல் ஒரு பெயர்

திண்டிவனம் பத்திரப் பதிவு ஆபீஸின் ஜன்னல் வழியே காலை வெயில் மேசைமேல் நீளமாக விழுகிறது. அந்த வெயிலில் அரக்கு முத்திரை வைத்த ஓர் உறை கிடக்கிறது. உள்ளே இருப்பது தையல்நாயகியின் உயில். அவளுக்குப் பின் அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்று உறைமேல் எழுதியிருப்பது, போன தையில் இறந்த அவள் கணவனின் பெயர். அதை மாற்றத்தான் வந்திருக்கிறாள். கணவனின் அண்ணன் அப்பாதுரையும் பின்னாலேயே வந்துவிட்டார். அவரைக் கண்டதும் எழுத்தர்கள் எழுந்து நிற்கிறார்கள். “என் பேர எழுதிடுங்க சார். குடும்பத்த நாந்தான பாத்துக்கினு இருக்கேன்” என்கிறார். பதிவாளர் பேனாவைத் தொடவில்லை. “உறை அந்தம்மாவுதுங்க. அவங்க சொல்லாம நீங்களும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது.” பிறகு மைப்பெட்டியைத் தையல்நாயகியின் பக்கம் நகர்த்துகிறார். “என்னத் தெரியாதாங்க உங்களுக்கு?” என்று அவள் கேட்கிறாள். “தெரியும்மா. இருந்தாலும் ரேகை பாக்கணும்.” மல்லாட்டைக் கடலை பறித்துப் பறித்துத் தேய்ந்துபோன கட்டைவிரல் அது. ரேகை அழிந்திருக்குமோ என்று முந்தானையில் ஒருமுறை துடைத்துவிட்டு, மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்துகிறாள். உயிலை இங்கே ஒப்படைத்த அன்று வைத்த பழைய ரேகைக்கும் புதிய ரேகைக்குமாகப் பூதக்கண்ணாடி போய்ப் போய் வருகிறது. மின்விசிறி முனகுகிறது. அப்பாதுரை கனைக்கிறார்; யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீங்கதாம்மா” என்று பதிவாளர் பேனாவை எடுக்கிறார். “சொல்லுங்க, யார் பேரு?” அறையில் உள்ள அத்தனை பேரும், அப்பாதுரை உட்பட, அவள் வாயையே பார்க்கிறார்கள். “கிளியம்மா,” என்கிறாள். “எம் பொண்ணு.”