குழம்புச் சட்டியின் மூடி

கீரிப்பாறைக்குப் போகிற வழியில், ரப்பர் பால் உறைய வைக்கும் கொட்டகையில் வினோஜ் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். பாலை உறைய வைக்கக் குவளையில் மோந்த ஆசிட் கை வழுக்கித் தெறித்துவிட்டது. மேற்பார்வை பார்க்கும் சபிதா அவன் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் குனிய வைக்கிறாள். "வெளக்கெண்ண விடுவோம் மக்கா" என்று பின்னாலேயே வருகிறாள், கூட வேலை செய்யும் பகவதியம்மாள். "ஒண்ணும் விடாதீங்க! செவுத்துல மாட்டுன தாள எடுங்க!" என்று கத்துகிறாள் சபிதா. ஆசிட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் பாதுகாப்புத் தாள் அது, அவளே பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியது. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. பகவதியம்மாள் கூசாமல் போய், மத்தியானச் சாளைக் குழம்புச் சட்டிமேல் மூடியாகக் கிடந்த தாளை எடுத்து நீட்டுகிறாள். அதிலிருந்த மண்டையோட்டுப் படத்தின்மேல் யாரோ சவைத்துத் துப்பிய மீன்முள் ஒட்டியிருக்கிறது. புளித்த ரப்பர் பாலின் நாற்றத்தோடு மீன் கவிச்சியும் சேர்ந்து ஏறுகிறது. சபிதா முள்ளைத் தட்டிவிட்டுக் கட்டைவிரலால் குழம்பை வழித்தெறிகிறாள். சிவப்பு எண்ணெய்க்கு அடியிலிருந்து எழுத்துகள் தெரிகின்றன: ‘கண்ணில் பட்டால் ஓடும் நீரில் தொடர்ந்து கழுவவும். உடனே மருத்துவரிடம் காட்டவும்.’ அதற்கும் கீழே, ‘இந்த இடத்தில் உண்ணக் கூடாது.’ "கண்ணத் தொறலே மக்கா, தண்ணி உள்ள போகட்டு. ஆட்டோவுக்குச் சொல்லுங்க, யாராவது!" குழாய்க்கு அடியில் குனிந்தபடியே வினோஜ் முனகுகிறான், "அக்கா, அந்தக் கொழம்ப மூடச் சொல்லுங்க. ஈ மொய்க்கும். வந்து திங்கணும்." பகவதியம்மாள் சபிதாவின் கையிலிருந்து தாளை வாங்கிச் சட்டியை மூடுகிறாள். பிறகு, காற்றில் பறந்துவிடாதிருக்க, கீழே கிடந்த ஆசிட் குவளையை எடுத்து அதன்மேல் வைக்கிறாள்.