இருபது நொடி தள்ளி

மறுபடியும் தவறு என்றது டிவி.

அவள் ரிமோட்டை முந்தானையில் துடைத்தாள். ரிமோட்டில் ஒன்றுமில்லை. கைதான் வியர்த்திருந்தது.

“மெதுவா அமுக்குட்டி. பின்னால மேஸ்திரியா நிக்கான்? நான் வாசிக்கதுக்குள்ள நீ எங்கயோ போயிருத.”

கணவர் கையில் காலண்டர் தாள். காலையில் வைஃபை மாட்டிய ஆள் அதன் பின்பக்கம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன கடவுச்சொல். பன்னிரண்டு எழுத்துகள்.

திரையில் எழுத்துகள் வரிசையாக நின்றன. ஒன்றின் மேல் மஞ்சள் கட்டம். வலது, வலது, கீழ் என்று அமுக்கி அதை நகர்த்த வேண்டும்.

அமுக்கினால் உடனே நகராது. யோசித்துவிட்டுத்தான் நகரும்.

அவள் கைக்குக் காத்திருந்து பழக்கமில்லை. தீப்பெட்டி ஆபீசில் பதினாறு வருடமாகக் குச்சி அடைக்கிற கை. கண் பார்ப்பதற்குள் பெட்டி மூடியிருக்கும். கட்டம் நகரவில்லையே என்று இன்னொரு முறை அமுக்குவாள். அது இரண்டு எழுத்து தாண்டிப் போய் நிற்கும். அதற்குள் ஓகேயும் அமுக்கியிருப்பாள்.

எழுதியதெல்லாம் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். எந்தப் புள்ளி தவறு என்று யாருக்குத் தெரியும்?

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல்.

ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே கனி மதினி வீட்டில் நான்கு பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏளா, ஆரம்பிச்சு அரைமணி நேரமாச்சு! இங்க வந்து பாரேன். உன் மவ என்னா தடு தடுக்கா!”

“நீங்க பாருங்க மதினி. நான் பெருசா பாத்துக்கிடுதேன்.”

நேற்று போபாலிலிருந்து செண்பகா சொல்லியிருந்தாள். போனில் பார்க்காதே அம்மா, எறும்பு மாதிரி தெரிவேன்.

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத பிள்ளைகள் குறைவு. செண்பகா பத்து வயதில் பிடித்தாள். இப்போது பதினாறு. கோல்கீப்பர். இன்று அகில இந்தியப் பள்ளிகளின் இறுதி ஆட்டம்.

ஆறு வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடப் பெற்றவள் பார்த்ததில்லை. எல்லாம் ஆபீஸ் நேரத்தில் நடந்தன. காயங்களும் கோப்பைகளும்தான் வீட்டுக்கு வந்தன.

இன்று லீவு போட்டிருந்தாள்.

இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“முதல்ல இருந்து சொல்லுங்க.”

அவர் சொன்னார். அமுக்கினாள். காத்திருந்தாள். கட்டம் நகர்ந்தது. பிறகு ஓகே.

ஒரு புள்ளி.

அமுக்கினாள். காத்திருந்தாள்.

சுவருக்கு அப்பால் யாரோ “ஐயோ” என்றார்கள். மணிக்கட்டை விடவில்லை.

பன்னிரண்டாவது புள்ளி.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

இணைந்தது.

“வந்துட்டு!” கணவர் குதித்ததில் காலண்டர் தாள் கட்டிலுக்கடியில் போனது.

ஆட்டத்தைத் தேடி எடுத்தார். டிவி முழுக்க நீலத் தரை. கோல் வாசலில் திண்டு திண்டாய்க் கட்டிக்கொண்டு ஒரு பெரிய உருவம். கம்பிக்குள் முகம்.

உருவம் கழுத்தை இடப்பக்கம் ஒருமுறை வெட்டியது. பரீட்சைக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான் வெட்டும்.

“நம்ம பிள்ள,” என்றாள்.

டிவிக்கு அருகில் போனாள். இன்னும் அருகில். கணவர் சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“ச்சே!” என்றது சுவர்.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பந்து நடுத்தரையில் கிடந்தது.

இருபது எண்ணியிருக்கலாம். பந்து கிளம்பி வந்தது. செண்பகா பாய்ந்தாள். பந்து அவளைத் தாண்டியது. ஒன்றுக்கு ஒன்று.

“அவங்களுக்கு முன்னாடியே வந்துருது,” என்றார். “நமக்குப் பிந்தித்தான் வருது.”

அவள் சத்தத்தைக் கூட்டினாள். அப்படியும் சுவர் கேட்டது.

ஆட்டம் சமனில் முடிந்தது. இனி அணிக்கு ஐந்து வாய்ப்பு. ஒருத்தி பந்தோடு ஓடி வருவாள். எதிரே கோல்கீப்பர் மட்டும். எட்டு நொடி.

ஒவ்வொரு முறையும் சுவர் முதலில் சொன்னது. “ச்சே” என்றால் எதிரணிக்கு. கைதட்டல் என்றால் நமக்கு. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே புகுந்து வந்தது.

கடைசி வாய்ப்பு எதிரணிக்கு. தடுத்துவிட்டால் கோப்பை.

திரையில் செண்பகா கோல் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழுந்தது. தட்டு ஒன்று உருண்டது. ஒரே கூச்சல். பிறகு வெறுங்கால்கள் ஓடி வருகிற சத்தம். நான்கு பேருடையதும்.

கணவர் எழுந்துவிட்டார். வாய் திறந்தது.

“சொல்லாதீங்க.”

ஒரே எட்டில் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கதவு அதிர்ந்தது. “ஏளா, திற! திறளா!” மதினிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் சிரிப்பு.

அவள் கதவில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றி நின்றாள். முதுகில் நாலு பேரும் தட்டினார்கள்.

திரையில் செண்பகா திரும்பி நின்றாள். கழுத்தை இடப்பக்கம் வெட்டினாள்.

விசில் இன்னும் ஊதவில்லை.