போடாத ஊசி

கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருக்க வேண்டிய சுரப்பு யேசித்தின் சிறுநீரில் இருக்கிறது என்று டாக்டர் ஒலாயா மறுபடியும் சொன்னார்.

இரண்டாம் தடவை கேட்டும் யேசித்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவு வந்த அன்றே விஷயம் துயித்தாமா முழுக்கப் பரவிவிட்டது. சைக்கிள் பந்தயம் என்றால் சோறு தண்ணீரை மறக்கிற ஊர். மலையேற்றத்தில் ஜெயித்தபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய அதே கூட்டாளிகள், இன்று காலை வழிமறித்து, "மச்சான், எத்தனாவது மாசம்? உப்பும் மாங்காயும் வாங்கித் தரவா?" என்று கேட்டார்கள்.

தசை ஏறுவதற்காகச் சில வீரர்கள் இந்தச் சுரப்பை ஊசியாகப் போட்டுக்கொள்வது உண்டு. யேசித் போட்டதில்லை. காய்ச்சல் மாத்திரைகூட குழு டாக்டரான ஒலாயாவைக் கேட்டுத்தான் விழுங்குவான். சளி பிடித்தால் வெல்லத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பதோடு சரி.

"ஊசி போட்டியா, இல்லையா? ஒண்ணைச் சொல்லு," என்றார் டாக்டர். "போடலைன்னா இன்னைக்கே ஒரு ஸ்கேன் எடுத்தாகணும். ஆம்பளை உடம்பு இதைத் தானாச் சுரந்தா அது நல்லதுக்கில்ல."

ஸ்கேனுக்கான சீட்டை எழுதி விரலிடுக்கில் தயாராக வைத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் பெண்டாட்டி நூபியாவின் காதில் இது எதுவும் ஏறவில்லை. கர்ப்பிணி என்ற சொல்லோடு அவள் காது அடைத்துப்போயிருந்தது.

"எவ அவ?" என்றாள்.

"என்னது?"

"எவ ஒண்ணுக்கைப் பிடிச்சுக் குடுத்த? எவ வயித்துல உன் புள்ள வளருது?"

அந்த மலைப்பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார்கள். நூபியா எந்தச் சண்டையிலும் அவனை 'நீ' என்று சொன்னதில்லை.

"புட்டியில பிடிக்கும்போது சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கிட்டு நின்னேன் நூபியா. சோதனைக்கு வந்தவர் கண்கொட்டாம பாத்துக்கிட்டே இருந்தாரு. வேற யாருதையும் எப்படிக் குடுக்க முடியும்?"

"பேக்கரிக்காரர் மகன் வேற யாரோட ஒண்ணுக்கையோ பையில ஊத்தி அக்குள்ல கட்டிட்டுப் போனானே, அவனையும்தான் ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அதுவும் உண்மைதான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சிகூடத் தங்கவில்லை. போகோத்தா வரைக்கும் போய்ப் பெரிய டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. மாதாவுக்கு ஏற்றாத மெழுகுவத்தி இல்லை. ஊசி, மருந்து, தடை இதெல்லாம் அவளுக்குத் தூசு. இன்னொருத்திக்கு உண்டாகியிருக்கிறது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் எழுந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் சோச்சாவுக்குப் போறேன். எங்க அக்கா வீட்டுல இருந்துக்கறேன். நீ அவளைக் கூட்டிட்டு வந்து வச்சுக்கோ."

போனால் திரும்ப மாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

யேசித் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஊசி போடவில்லை என்றால் சிறுநீர் அவனுடையது இல்லை. அவனுடையது இல்லை என்றால் இன்னொருத்தி இருக்கிறாள். அவனுடையதுதான் என்றால் அதற்குள் அது எப்படி வந்தது? ஸ்கேன் எடுத்து என்ன ஆகப்போகிறது? இவள் எந்த ஸ்கேனை நம்பப்போகிறாள்?

அவள் கை கதவுப்பிடிக்குப் போய்விட்டது. அவள் நம்பக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான் அந்த அறையில் இருந்தது.

"ஊசிதான் டாக்டர். போட்டேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் குடுத்தா?"

"சந்தையில ஒருத்தன். பேர் தெரியாது."

"இத்தாலிக்காரங்க குழுவுல சேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாங்களேடா, பாவி."

அவர் ஸ்கேன் சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

நூபியா திரும்பி வந்து அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகத்தைக் கம்பளியில் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு யேசித்தின் முதுகில் ரெண்டு சாத்து சாத்தினாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீங்க?"

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. இத்தாலியாவது, மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது அவனுக்கு. என்ன நடந்தது என்று இப்போதும் புரியவில்லை. ஆனால் அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

பாதிப் படியில் திடீரென்று நின்றான். டாக்டரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தான். இந்தக் குழப்பத்தில் அடியோடு மறந்துபோயிருந்தது.

"என்னங்க?" என்றாள் நூபியா.

"ஒண்ணுமில்ல, வாங்க."

கொஞ்ச நாளாகவே அவனுடைய விதையில் ஒரு பக்கம் கல் மாதிரி ஒரு கட்டி. பெண்டாட்டியிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. நாள் முழுக்கச் சைக்கிளில் உட்காருகிறவனுக்கு அங்கே ஏதாவது ஒன்று இல்லாமலா இருக்கும்? இதற்காக மறுபடியும் மேலே ஏறிப் போய் அந்த மனிதர் முகத்தில் விழிக்க வேண்டுமா?

அது வலிக்கக்கூட இல்லை. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.