சுவர் தாண்டிய வெளிச்சம்

"வந்துட்டாங்க மகாராணி" என்றான் கவியரசன்.

சொல்லி வாய் மூடவில்லை. எதிர்வீட்டு ராஜலக்ஷ்மியின் கார் பின்பக்கமாகத் தன் கேட்டுக்குள் நுழைந்தது. அதன் முன்விளக்கு இரண்டின் வெளிச்சமும் குறுகலான அந்த காக்ஸ் டவுன் தெருவைக் கடந்து, கவியரசன் வீட்டுக் காம்பவுண்டு சுவரைத் தாண்டி, ஜன்னல் வழியாகத் தொட்டில்மேல் விழுந்தது.

எட்டு மாதக் குழந்தை அனன்யா, விடிந்துவிட்டது என்று எண்ணி எழுந்து சிரித்தாள். அரை மணி நேரமாகத் தாலாட்டிய சிந்துவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"திரும்பவும் முதல்லேர்ந்தா? இன்னிக்கும் நான் தூங்கின மாதிரிதான்."

"அவங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியாச்சு, சிந்து. மெக்கானிக் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டானாம். சரியா இருக்கற லைட்டா இது? விமானத்துக்கு வழி காட்டற மாதிரி இருக்கு."

"ஜன்னல்ல திரை போட்டுடலாமா?"

"இந்த வெக்கையிலயா? நாம ஏன் வேகணும்?"

சிந்து குழந்தையை அவன் மடியில் விட்டாள். காலித் தண்ணீர் கேனின் கழுத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, வாசலில் வைக்க எடுத்துக்கொண்டு போனாள். பாப்பாவுக்குக் காய்ச்சும் தண்ணீர். பக்கத்துக் குடித்தனங்களின் கேனோடு மாறக்கூடாது என்பது அவள் கவலை.

கேனைப் பார்த்ததும் கவியரசனுக்கு இன்னும் பொங்கியது.

"நம்ம ஹவுஸ் ஓனரைப் பாரு. எங்கேயோ மைசூர்ல இருக்கார். ஆனா போர்வெல் வத்தினதுலேர்ந்து மூணு குடித்தனத்துக்கும் தினமும் தண்ணி கேன் வந்துடுது. காலி கேன் போயிடுது, காலையில கதவைத் திறந்தா நிறைஞ்ச கேன் வாசல்ல நிக்குது. தேங்க்ஸ்னு மெசேஜ் போட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினார். அவர் மனுஷன். இவங்களும் இருக்காங்களே, எதிர்லயே."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரும் டேப்புமாக அவனே எதிர்வீட்டுப் படியேறிவிட்டான். முந்தின ராத்திரி பூரா கார் லைட் சரிசெய்யும் வீடியோ பார்த்த தைரியம்.

"மேடம், நானே சரி பண்ணித் தரேன். காரை அங்கேயே நிறுத்தி லைட்டை மட்டும் போடுங்க."

"பாவம், லீவு நாள்ல உங்களுக்கு வேலை வைக்கிறேன்" என்றார் ராஜலக்ஷ்மி. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் இல்லை. தனியாக இருக்கிறார்.

கவியரசன் தன் வீட்டுச் சுவரில், விளக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே டேப்பை ஒட்டினான். பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகினான். வெளிச்சம் மெல்ல இறங்கி டேப்புக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"அவ்வளவுதான் மேடம். மனசு வச்சா அஞ்சு நிமிஷம்."

'மனசு வச்சா' என்பதை அவன் அழுத்திச் சொன்னது ராஜலக்ஷ்மிக்கு உறைத்ததோ இல்லையோ, காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

அன்றைக்கு அனன்யா ஒரே மூச்சாகத் தூங்கினாள். சிந்துவும்தான்.

திங்கட்கிழமை எட்டு மணி வாக்கில் வெளிச்சம் மறுபடி சுவரேறிக் குதித்துத் தொட்டிலுக்கு வந்துவிட்டது.

"பார்த்தியா? திருப்பி வச்சிட்டாங்க. வேணும்னே."

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் சிந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

செருப்பைக்கூட மாட்டாமல் கவியரசன் தெருவைத் தாண்டினான்.

"மேடம், லைட்டை அணைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். நேத்து ஒட்டின டேப்பைப் பாருங்க, வெளிச்சம் எங்க நிக்குதுன்னும் பாருங்க."

காரிலிருந்து இறங்கிய ராஜலக்ஷ்மி பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"நான் தொடவே இல்ல தம்பி. சத்தியமா."

"அப்ப அதுவா ஏறிடுச்சா?"

கேட்டுக்கொண்டே காரைப் பார்த்தவன் நிறுத்தினான். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது.

"டிக்கியில என்ன வச்சிருக்கீங்க?"

"அது... அல்சூர்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன். கொஞ்சம் சாமான். நீங்க போங்க தம்பி, நான் இறக்கிக்கிறேன்."

"திறங்க மேடம்."

அரை மனதாகத் திறந்தார். உள்ளே தண்ணீர் கேன்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு படுத்திருந்தன.

"இவ்வளவா? கேன் கடை போடப் போறீங்களா?"

"அம்மா வீட்டுல தண்ணிக்குக் குறைச்சல் இல்ல. ஃபில்டரும் இருக்கு..."

கவியரசன் காதில் வாங்கவில்லை. ஒரு கேனைத் தூக்கி வெளியே வைத்தான். எதிர்ச்சுவரில் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று. இன்னும் கொஞ்சம். மூன்றாவதை இறக்கியபோது டேப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா? வெயிட்டு! பின்னாடி அழுத்துது, முன்னாடி தூக்குது. நேத்து காலியா இருந்தது, அதான் சரியா வந்துச்சு." கண்டுபிடித்த சந்தோஷத்தில் கோபம்கூடக் குறைந்துவிட்டது. ஆனாலும் விட மனசில்லை. "ஒரு ஆளுக்கு எதுக்கு மேடம் இத்தனை தண்ணி? உங்க ஆசையில எங்க குழந்தைக்குத் தூக்கம் போகுது."

ராஜலக்ஷ்மி இறக்கிவைத்த கேன்களைச் சுவரோரமாக நகர்த்தினார்.

கவியரசன் கடைசி கேனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். வெளிச்சம் டேப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. கேனைக் கீழே வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான்.

அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"மெதுவா வைங்க தம்பி" என்றார் ராஜலக்ஷ்மி தாழ்ந்த குரலில். "பாப்பா இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருப்பா."