விளிம்பில் ஒரு சிவப்புக் கறை

“சிக்! வெத்தல எச்சியோட கொண்டாந்து என் மேசையில வைக்கிறீங்களே, மனுசன் இதத் தொடுறதா வேணாமா?”

பழுது பார்க்கும் மேசையிலிருந்து பிரதீபன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். லெப்டொப்பின் முன்விளிம்பில் செங்காவி நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்து கிடந்தது. கொண்டு வந்த கன்னையாவின் வாயிலும் அதே சிவப்பு. பிறகு சாட்சி எதற்கு?

“வீட்டுல நான் அது பக்கத்துலயே போறதில்லீங்க தம்பி” என்றார் கன்னையா. இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஆனாலும் வெளியே போய் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து ஓரமாக நின்றார்.

அவர் மகள் சுகந்தினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “அண்ணே, பதினோரு மணிக்கு பேங்க் வேலைக்கு ஒன்லைன் டெஸ்ட் இருக்கு. போன்ல எழுத முடியாதாம். இதுல வைஃபை ஒன் ஆகவே மாட்டேங்குது.”

மணி பத்தே கால். யட்டியாந்தோட்டை பஜாரில் லெப்டொப் பழுது பார்க்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்ற தலைக்கனம் பிரதீபனுக்கு நிறையவே உண்டு. டிஷ்யூவால் விளிம்பைப் பிடித்துத் திறந்தான். வைஃபையை ஒன் செய்து பார்த்தான், ஆகவில்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டான், ரீஸ்டார்ட் செய்தான். அது மசியவில்லை.

“போன கிழமை கீபோட் மாத்திக் குடுக்கிறப்ப கண்ணாடி மாதிரியில்ல குடுத்தேன்! ஏழு நாள்ல இப்படி நாறடிச்சு வச்சிருக்கீங்க.”

“கொண்டு போன நாள்ல இருந்தே...” என்று இழுத்தார் கன்னையா.

“பேசாதீங்க ஐயா. ஒங்களுக்கெல்லாம் லெப்டொப் எதுக்கு?”

சுகந்தினியின் முகம் சுண்டிப் போனது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. கைப்பிடியில் பொட்டு வைத்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடிமூடியைக் கழற்றினான். வைஃபை கார்டைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினான். வயர் இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. மூடிப் போட்டுப் பார்த்தால் பழைய குருடி கதைதான்.

மணி பத்து ஐம்பது. சுகந்தினியின் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இது பழைய மொடல். வைஃபை கார்டை ஒன், ஓஃப் செய்ய முன்விளிம்பிலேயே நகத்தளவில் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்குமே! சரியாக அந்தக் கறைக்கு அடியில்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, விரல் படாமல் தேய்த்தான். கறை கரைந்து சுவிட்ச் வெளியே தெரிந்தது. ஓஃப் பக்கம் தள்ளப்பட்டு, அப்படியே இறுகியிருந்தது. நெம்பித் தள்ளியதும் நீல விளக்கு எரிந்தது. பிடுங்காத குறையாக லெப்டொப்பை வாங்கிக்கொண்டு சுகந்தினி மூலை ஸ்டூலுக்கு ஓடினாள்.

கையிலிருந்த பஞ்சு மணத்தது. வெற்றிலை மணமில்லை. சந்தனமும் குங்குமமும்.

பிரதீபனின் அருவருப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியது. “ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சிருக்காங்க! கட்டவிரலால அமுக்கினதுல சுவிட்சு தள்ளுப்பட்டுப் போச்சு. எந்த மடையன் ஐயா இப்படி அப்பினது?”

கன்னையா மேசையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பூச அன்னைக்கு இது ஒங்க கடையிலதாங்க தம்பி இருந்துச்சு.”