போதுமா, போதாதா?

மாமல்லபுரத்தில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. பெரியவர்கள் கோயில் நிழலில் உட்கார்ந்துகொள்ள, ஜானகிராமனும் சியாமளாவும் மணலில் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“கல்பாக்கத்துல இன்ஜினீயர்னாலும் எனக்கு அமெரிக்காவுல மேனேஜ்மென்ட் படிக்கணும். அடுத்த மாசம் நுழைவுத் தேர்வு,” என்றான் அவன்.

“கஷ்டமா இருக்குமா?”

“கணக்குல ஒரு விசித்திரமான பகுதி இருக்கு. ஒரு கேள்வி கேட்டு, ரெண்டு தகவல் கொடுப்பான். விடை சொல்ல வேண்டாம். அந்தத் தகவல் போதுமா, போதாதான்னு மட்டும் சொல்லணும். அவசரக்குடுக்கைங்கதான் விடையையும் போட்டுப் பார்த்து மாட்டிப்பாங்க.”

“நான் ஒண்ணு கேக்கட்டுமா?”

“தாராளமா.”

“ஏ-க்கு என்ன வயசு? முதல் தகவல், ஏ, பி-யைவிட ஏழு வயசு மூத்தவர். ரெண்டாவது, பி-க்குப் பத்தொன்பது வயசுல கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு.”

அவள் முடித்த கணமே ஜானகிராமன் விரலைச் சொடுக்கினான்.

“ரெண்டும் சேர்ந்தா போதும். முப்பத்திநாலு.”

“விடையை நான் கேக்கலையே,” என்றாள் சியாமளா. “பி உங்க தங்கை. வந்ததுலேர்ந்து என்கிட்ட நல்லாப் பேசிட்டிருந்தாங்க. உங்க ஜாதகத்துலதான் இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு.”



அவள் தனியாகத் திரும்பி வருவதைப் பார்த்து அப்பா எழுந்தார். “என்னம்மா, அதுக்குள்ள எல்லாம் தெரிஞ்சுக்கிட்டியா?”

“ரெண்டே தகவல் போதுமா இருந்துதுப்பா.”