வேலம்மா ஆவது

"இன்னாடி, வேலம்மா ஆயிட்டியா?"

ஞானாம்பாள் கத்தியதும் பாத்தி முழுக்கச் சிரிப்பு. சகாயமேரி திடுக்கிட்டு, பலகையால் உப்பை வேகமாக இழுக்க ஆரம்பித்தாள்.

மரக்காணத்தில் அந்த உப்பளத்துக்கென்று ஒரு வார்த்தை. வேலை நேரத்தில் அசையாமல் நின்றால் 'வேலம்மா ஆயிட்டா'.

போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த சகாயமேரிக்கு அந்தப் பட்டம் தினமும் கிடைத்தது. மேஸ்திரி தட்சணாமூர்த்திகூட வரப்பில் நின்றபடி, "சீக்கிரம், சீக்கிரம்! கைய ஆட்டும்மா வேலம்மா" என்பார்.

யார் அந்த வேலம்மா என்று ஒருநாள் கேட்டாள்.

"இருந்தா ஒருத்தி. சரியான சோம்பேறி" என்று சொல்லிவிட்டு ஞானாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோம்பேறி இல்லை.

அந்த உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திக்குள் நிற்பவரிடம் சாவுச் சேதி சொல்ல மாட்டார்கள். கண்ணீர் விழுந்தால் உப்பு விளையாது என்பார்கள். விழுந்து புரண்டால் பாத்தி கலங்கிப்போகும் என்பதுதான் நிஜம். அதனால் எதுவும் சொல்லாமல் முதலில் வரப்புக்குக் கூப்பிடுவார்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம் வேலம்மாளை அப்படிக் கூப்பிட்டார்கள். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பியிருக்கவில்லை. வரப்பில் ஊர்க்காரர்கள் நிற்பதைப் பார்த்தாள்.

அவள் ஏறவில்லை.

கணுக்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள். பொழுது சாயும் வரை நின்றாள். ஏறாதவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு மத்தியானம் அவள் புருஷன் உயிரோடு இருந்தான்.

அடுத்த வருஷமே அது கேலிப் பேச்சாகிவிட்டது. அழுதுகொண்டே உப்பு வார முடியுமா?

"சகாயமேரி! பலகையப் போட்டுட்டு வரப்புக்கு வாம்மா!"

மேஸ்திரியின் குரல். பக்கத்தில் லாரி டிரைவர். நேற்று மெட்ராஸுக்கு உப்பு லோடு கொண்டு போனவர். லோடுமேனாகக் கூடப் போன அந்தோணி இல்லை. அந்தோணி சகாயமேரியின் புருஷன்.

பாத்தியில் எல்லாக் கைகளும் நின்றன.

சகாயமேரியின் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரர் மெட்ராஸ்ல இருந்து என்னமோ குடுத்தனுப்பியிருக்காரு!"

"ஏய் மேரி, நில்லுடி" என்றாள் ஞானாம்பாள். "கொஞ்ச நேரம் அங்கயே நில்லு. போவாத."

"நிக்கச் சொல்லிட்டு, அப்பறம் வேலம்மான்னு சிரிக்கவா? போக்கா!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். உப்புத் தண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஓடாதம்மா" என்றார். "மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் வேகமாக ஓடினாள்.